நாமினி என்னும் கை

1990 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பில் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளி ஒருவரின் உயிருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என்று விலை எழுதப்பட்டது. விலை என்ற சொல் சிலருக்கு உறுத்தலாம். நீதிபதிகள் எழுதிய சொல் காப்பீடு. எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கைக் குழந்தைத் தொழிலாளர் வழக்காகத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். 1985 டிசம்பர் 31 நிலவரப்படி பதிவுபெற்ற ஆலைகள் 221, தொழிலாளர்கள் 27,338 பேர், அவர்களில் குழந்தைகள் 2,941 பேர் என்ற கணக்கு அதில் வருகிறது. அந்தக் கணக்குக்குப் பிறகு, தீர்ப்பின் பிற்பகுதியில், அதிகம் பேசப்படாத ஒரு பத்தி உண்டு. தொழில் அபாயகரமானது என்பதால் பெரியவர்கள், குழந்தைகள் எல்லோருக்கும் கட்டாயக் காப்பீடு வேண்டும். ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு இருப்பதை மாநில அரசு உறுதிசெய்ய வேண்டும். காப்பீட்டுக் கழகம் இதற்கென ஒரு குழுக் காப்பீட்டுத் திட்டத்தோடு முன்வர வேண்டும். பிரீமியத்தை முதலாளி கட்ட வேண்டும், அது பணி நிபந்தனையாகவே இருக்க வேண்டும்.

குழந்தைகள் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யக் கூடாது என்று கேட்டு வந்த வழக்கு இது. உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து விலகிய பேக்கிங் வேலைக்குக் குழந்தைகளை வைத்துக்கொள்ளலாம், பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தக் குழந்தையின் உயிருக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்துக் கொடுத்தது நீதிமன்றம். அடுத்த ஆண்டே சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் 39 பேர் இறந்தார்கள். நீதிமன்றம் தானாக முன்வந்து மறுபடி விசாரித்து, 1996 டிசம்பர் 10 அன்று புதிய தீர்ப்பு எழுதியது.

நான் சட்டம் படித்தவள் அல்ல, தமிழ் படித்தவள். 1990 தீர்ப்பின் அந்தப் பத்தியைப் படித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி எளிமையானது. ஐம்பதாயிரம் சரி, அதை யார் கையில் கொடுப்பார்கள்? குழுக் காப்பீட்டில் பத்திரம் முதலாளியின் பெயரில் இருக்கும். தொழிலாளியிடம் இருப்பதெல்லாம் அவர் எப்போதோ கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுத்த ஒரு தாள். அந்தத் தாளில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரின் வரலாற்றைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேடல் என்னை 1874க்குக் கொண்டு போனது. அந்த ஆண்டு வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: மணமான ஓர் ஆண், தன் உயிரின் மேல் எடுக்கும் காப்பீட்டுப் பத்திரத்தின் முகப்பிலேயே, இது என் மனைவியின் நலனுக்காக, அல்லது மனைவி மக்களின் நலனுக்காக என்று எழுதிவிட்டால், அந்தப் பணம் அவர்களுக்கான அறக்கட்டளை ஆகிவிடும். அவன் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. அவனே கூடத் தொட முடியாது. அந்தக் காலத்துச் சட்டத்துக்கு இது பெரிய காரியம்.

ஆனால் அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, திருமணத்தின்போது இந்து, இஸ்லாம், பௌத்தம், சீக்கியம், சமணம் ஆகிய மதங்களைச் சேர்ந்தவளாக இருந்த பெண்ணுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று வைத்திருந்தது. இந்த நாட்டுப் பெண்களில் யார் மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 6ஆம் பிரிவு பெண்ணைப் பற்றியதா, ஆண் எடுக்கும் பத்திரத்தைப் பற்றியதா என்று நீதிமன்றங்களில் வாதம் நடந்தது. பத்திரத்தைப் பற்றியதுதான், ஆகவே இந்துக்களுக்கும் பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு முடிவு செய்தது. 1923இல் சட்டத்தைத் திருத்தியபோது இந்த முடிவு அப்படியே அதில் ஏறியது. அதனால் இன்றும் அந்தச் சட்டத்தில் இரண்டு தேதிகள் உண்டு. சென்னையில் 1913 டிசம்பர் 31க்குப் பிறகு எடுத்த பத்திரங்களுக்குப் பொருந்தும். மற்ற பகுதிகளில் 1923 ஏப்ரல் 1க்குப் பிறகு எடுத்தவற்றுக்கு. பம்பாய்க்காரியும் கல்கத்தாக்காரியும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்த ஒரு பாதுகாப்பு, சென்னை மாகாணத்துப் பெண்ணுக்கு முன்கூட்டியே கிடைத்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்றைய கைம்பெண்ணின் நிலையை நினைத்தால்தான் புரியும். கூட்டுக் குடும்பத்தில் கணவன் செத்தால் அவன் பங்கு, உயிரோடிருக்கும் ஆண்களுக்குப் போய்விடும். அவளுக்கு மிஞ்சுவது ஜீவனாம்சம், அதாவது சோறும் துணியும், அதுவும் கொழுந்தன் வீட்டுப் படியில் நின்று வாங்க வேண்டியது. கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் உரிமை தந்த சட்டம் 1937இல்தான் வந்தது, அதுவும் அவள் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையாக மட்டும். அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, தாயாதிகள் கை வைக்க முடியாத பணம் ஒன்றை மனைவிக்கு விட்டுச்செல்ல ஒரு வழி சென்னையில் இருந்திருக்கிறது. எத்தனை பேர் அந்த வழியில் நடந்தார்கள் என்பது வேறு. ஆயுள் காப்பீடு அன்று மாதச் சம்பளக்காரர், வக்கீல், வசதியான வியாபாரி வீட்டுச் சங்கதி.

தாயாதி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தாயம் என்றால் சங்கப் பாடல்களில் அரசுரிமை, வழிவழி வரும் உரிமை. பார்த்தால் தாயிலிருந்து வந்த சொல் போல இருக்கும். ஆனால் தாயாதி என்பவன் தந்தை வழிப் பங்காளி. சொல் வடமொழியின் தாய பாகத்தோடு போய்ச் சேர்கிறது. தாய் என்ற ஒலியைத் தலையில் வைத்துக்கொண்டு தாயை வெளியே நிறுத்திய சொல். நாம் இன்று தாலுகா ஆபீசில் எழுதிக் கேட்கும் வாரிசு அரபியிலிருந்து வந்தது. நாமினி ஆங்கிலத்தின் வழியாக வந்தது, அதன் வேர் லத்தீனில் பெயர் என்பதற்கான சொல். பெயர் சொல்லப்பட்டவர், அவ்வளவுதான். உரிமை உள்ளவர் என்ற பொருள் அதில் இல்லை. சொல்லே எச்சரித்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை.

விருதுநகர் அன்று விருதுபட்டி. வியாபாரிகளின் ஊர். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர். காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி எழுந்ததுதான். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் தீப்பெட்டிக்குக் கட்டு ஒட்டிய, குச்சி அடுக்கிய பெண்களின் கதை எந்த மேடையிலும் சொல்லப்படுவதில்லை. ஊர்ப் பொதுவில் வரி வசூலுக்குத் தலைக்கட்டு என்றொரு கணக்கு உண்டு. மணமான ஓர் ஆண் ஒரு தலைக்கட்டு. பெண் தலை அதில் எண்ணப்படுவதில்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தலைமை வகித்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். மூன்றாவது மாநாடு 1931இல் விருதுநகரிலேயே நடந்தது. தமிழ்நாட்டில் மகளுக்குப் பிறப்பால் பங்கு தரும் திருத்தம் 1989இல் வந்தது. செங்கல்பட்டுக்கும் அதற்கும் நடுவே அறுபது ஆண்டுகள்.

நாமினி சட்டத்தில் ஏறியது 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவில். பத்திரம் எடுக்கும்போதோ பிறகோ ஒருவர் பெயரைக் குறிக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றியதை நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பதிய வேண்டும். பதியாமல் விட்டால், பதிவில் உள்ள பழைய பெயருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டுக் கைகழுவிக் கொள்ளலாம். 1874 சட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். அந்தச் சட்டப்படி மனைவி பெயரில் எழுதினால் அது அவளுடையது, கணவன் மனம் மாறினாலும் திரும்பாது. நாமினியாக எழுதினால் அவன் மனம் மாறும் வரைதான். எளிதான வழியும் மாற்றக்கூடிய வழியும்தான் எல்லோருக்கும் பிடித்தது. 1956 செப்டம்பர் 1 அன்று 245 நிறுவனங்களை ஒன்றாக்கி ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. ஏஜெண்டுகள் வீடுவீடாக வந்து திண்ணையில் உட்கார்ந்து படிவம் நிரப்பினார்கள். "நாமினி யாரு, வீட்டுக்காரம்மா பேரே போட்டுரலாமா?" என்று கேட்டு எழுதினார்கள். வீட்டுக்காரம்மாவும் உள்ளே காபி போட்டுக்கொண்டே, அந்தப் பணம் தனக்கென்று நினைத்துக்கொண்டாள்.

1983 டிசம்பரில் அந்த நினைப்பு உடைந்தது. சர்பதி தேவி எதிர் உஷா தேவி. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பத்திரங்கள் வைத்திருந்த ஒருவர் 1967இல் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். நாமினி மனைவி. அவருடைய தாயும் மகனும், எங்களுக்கும் பங்கு உண்டு என்று வழக்குப் போடுகிறார்கள். உச்ச நீதிமன்றம் தாய்க்கும் மகனுக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நாமினி என்பவர் நிறுவனத்திடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ள அதிகாரம் பெற்ற ஒரு கை, அவ்வளவுதான். பணம் வாரிசுகளுடையது என்பது அதன் சாரம். வழக்கின் தலைப்பிலேயே மாமியாரும் மருமகளும் எதிரெதிராக நிற்கிறார்கள். செத்துப்போன ஆணின் பெயர் தலைப்பில் இல்லை. நம் தொலைக்காட்சித் தொடர்கள் முப்பது ஆண்டுகளாக ஓட்டும் சண்டையை அவர்களுக்கு முன்பே சட்டப் புத்தகம் அச்சிட்டு வைத்திருக்கிறது. அந்தச் சண்டையை மூட்டிவிட்டது மாமியாரின் குணமும் அல்ல, மருமகளின் குணமும் அல்ல. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு பெயரை எழுதிவிட்டு அதன் பொருளை யாருக்கும் சொல்லாமல் போன ஏற்பாடு.

தாயின் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்தவனின் தாய், மனைவி, மகன், மகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், சமப் பங்கு. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த சில வரிகளில் அதுவும் ஒன்று. மகனை நம்பி மூப்படைந்த தாய்க்கு வேறு எது இருக்கிறது?

2015இல் 39ஆம் பிரிவு திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் யாரையாவது நாமினியாகக் குறித்தால், பணத்தின் பயனும் அவர்களுக்கே என்று புது உட்பிரிவு சேர்ந்தது. கை இனி வெறும் கை அல்ல என்று பலரும் எழுதினார்கள். ஆனால் 2025இல் கர்நாடக உயர் நீதிமன்றம் முன் ஒரு வழக்கு வந்தது. திருமணத்துக்கு முன் பத்திரம் எடுத்தவர், தாயை நாமினியாக எழுதியிருக்கிறார். கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, கட்டத்தில் பெயர் மாறவில்லை. அவர் இறந்த பிறகு மனைவியும் குழந்தையும் கேட்டு வந்தார்கள். வாரிசுகள் உரிமை கோரினால் அதைத் திருத்தம் தள்ளிவிடாது என்று கூறி, தாய், மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று நீதிமன்றம் பிரித்தது. எல்லா உயர் நீதிமன்றங்களும் இதே கருத்தில் இல்லை. ஆக, இன்று நாமினிப் பெண்ணின் கையில் உள்ளது அவளுடைய பணமா என்ற கேள்விக்கு விடை, அவள் எந்த மாநிலத்தில் இருக்கிறாள் என்பதையும் பொறுத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண் இறந்து பெண் வாங்குகிற கதை. எங்கள் பகுதியில் பெண்ணும் இறக்கிறாள். சரம் பின்னுகிறவள், திரி வைக்கிறவள், பெட்டி ஒட்டுகிறவள், வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியும் முன் ஆலை வண்டி ஏறுகிறவள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 2023 அக்டோபர் 17 ரெங்கபாளையம், 2024 மே 9 செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. எல்லாவற்றையும் எழுதவில்லை, எழுதினால் இந்தப் பக்கம் போதாது. ரெங்கபாளையத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தப் பெண்களின் பணம் எந்த வழியில் போகும்?

முதலில், பெண் தன் உயிரைக் காப்பீடு செய்வதே வேறு வாசல் வழியாக நடந்திருக்கிறது. சொந்த வருமானம் இல்லாத பெண்ணுக்குப் பத்திரம் தருமுன் கணவன் பெயரில் எவ்வளவு காப்பீடு இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் இருந்தது. கர்ப்பகாலம் பற்றித் தனி நிபந்தனைகள் இருந்தன. வேலைக்கு விண்ணப்பித்த பெண்களிடம் மாதவிடாய்த் தேதி வரை கேட்ட படிவம் ஒன்றை ஆயுள் காப்பீட்டுக் கழகம் வைத்திருந்தது. நீரா மாத்தூர் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து நீக்கச் சொன்னது. 1874 சட்டத்தின் அறக்கட்டளை வசதியும் மணமான ஆணுக்கு மட்டும். இங்கிலாந்து 1882இலேயே மனைவி எடுக்கும் பத்திரத்துக்கும் அதே பாதுகாப்பைக் கொடுத்துவிட்டது. நம் சட்டம் 1874 வாசகத்தோடு நின்றுவிட்டது. தாய் தன் பிள்ளைகளுக்காக எடுக்கும் பத்திரத்துக்கு அந்த வேலி கிடையாது.

இரண்டாவது, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. அவர்களும் இல்லையென்றால்தான் அவளைப் பெற்ற தாய் தகப்பனுக்கு. ஆண் இறந்தால் அவன் தாய் முதல் வரிசையில். பெண் இறந்தால் அவள் தாய் கணவனின் வாரிசுகளுக்கும் பின்னால். அவளே உழைத்துச் சேர்த்த பணமாக இருந்தாலும் இதுதான். 2009இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஓம் பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். நாராயணி தேவிக்கு 1955இல் திருமணம். மூன்று மாதத்தில் கணவன் பாம்பு கடித்து இறந்தான். புகுந்த வீட்டிலிருந்து துரத்தினார்கள். பெற்றோர் படிக்க வைத்தார்கள்; வேலைக்குப் போனார்; 1996இல் வங்கிக் கணக்குகளையும் வருங்கால வைப்பு நிதியையும் விட்டுவிட்டு உயில் இல்லாமல் இறந்தார். பணம், அவரை நாற்பது ஆண்டுகளாகத் திரும்பியும் பார்க்காத கணவன் குடும்பத்துக்குப் போனது. அனுதாபம் சட்டத்தின் பொருளை மாற்றாது என்ற நிலையை நீதிமன்றம் எடுத்தது.

பி.எஃப். கணக்கிலும் இந்தக் கோணல் உண்டு. 1952 திட்டத்தின்படி ஆண் உறுப்பினரின் குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், அவனைச் சார்ந்த அவன் பெற்றோர். பெண் உறுப்பினரின் குடும்பம் என்றால் கணவன், பிள்ளைகள், அவளைச் சார்ந்த அவள் பெற்றோர், கூடவே கணவனைச் சார்ந்து வாழும் அவன் பெற்றோர். மாமனார் மாமியாரைத் தாங்குவது மருமகளின் கடமை என்பதை இவ்வளவு தெளிவாக எந்த நீதி நூலும் சொன்னதில்லை. மருமகனுக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் அதே திட்டத்தில் நல்லதும் இரண்டு உண்டு. பெண், எழுத்து மூலம் தெரிவித்தால் கணவனைக் குடும்பத்திலிருந்து விலக்கலாம். திருமணத்துக்கு முன் எழுதிய நாமினி, திருமணத்தோடு செல்லாமல் போய்விடும், புதிதாக எழுத வேண்டும். காப்பீட்டுச் சட்டத்தில் இந்த இரண்டாவது விதி இருந்திருந்தால் அந்தக் கர்நாடக வழக்கே வந்திருக்காது.

2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வேறொரு மனதைக் காட்டியது. இறந்த தொழிலாளியின் இழப்பீட்டை முதலாளி நேராகக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது, ஆணையரிடம் கட்ட வேண்டும் என்றிருந்தது. ஏமாற்றுவதைத் தடுக்க அது தேவைதான். ஆனால் அதே வாக்கியம், பெண்ணுக்கோ சட்டப்படி தகுதி குறைந்தவருக்கோ மொத்தத் தொகையாகத் தரும் பணத்தையும் அப்படித்தான் கட்ட வேண்டும் என்றது. சிறுவர், சித்தம் கலங்கியவர், பெண். பெண்ணுக்குச் சேர வேண்டிய தொகையை அவள் நன்மைக்காக எப்படி முதலீடு செய்யலாம் என்று ஆணையர் தீர்மானிக்க முடிந்தது. இதில் பாதுகாப்பும் இருந்தது, அவமானமும் இருந்தது. விபத்து நடந்த மறுவாரம் கைம்பெண்ணின் வீட்டு வாசலில் வட்டிக்காரர், பங்காளி, தரகர் என்று நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பதால், என்னால் அந்தப் பிரிவை முழுதாகத் திட்டவும் முடியவில்லை.

சட்டம் எதுவானாலும், எங்கள் ஊரில் அது முதலில் முட்டுவது ஆலையின் வருகைப் பதிவேட்டில். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று இங்கே ஆலைகளைத் தரம் பிரிப்பார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறை அறையாக உள்குத்தகைக்குப் போயிருக்கும். அச்சங்குளம் விபத்தில் இந்தக் குத்தகை முறை வெளிச்சத்துக்கு வந்தது; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று உத்தரவிட்டது. குத்தகைக்காரரிடம் குரோஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணின் பெயர் உரிமதாரரின் பதிவேட்டில் இருக்குமா? பதிவேட்டில் பெயர் இல்லாதவளுக்குக் குழுக் காப்பீடு இல்லை, பி.எஃப். இல்லை, அதோடு வரும் வைப்பு இணைந்த காப்பீடும் இல்லை. நாமினிக் கட்டம் என்ற கேள்வியே அவளுக்கு எழுவதில்லை. அப்போது மிஞ்சுவது முதலமைச்சர் அறிவிக்கும் நிவாரணம், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அதில் யார் பெயர் முதலில் என்ற இழுபறி.

கணவனும் மனைவியும் ஒரே ஆலையில் வேலைக்குப் போகும் வீடுகள் இங்கே அதிகம். ஒருவருக்கு ஒருவர் நாமினி. ஒரே வெடியில் இருவரும் போனால்? சட்டம் இதற்கும் ஒரு ஊகம் வைத்திருக்கிறது. யார் முன்னே இறந்தார் என்று தெரியாவிட்டால், இளையவர் மூத்தவருக்குப் பிறகு இறந்ததாகக் கொள்ள வேண்டும். பெரும்பாலும் மனைவி இளையவள். ஆகவே அவன் பணம் நொடி நேரம் அவளுக்கு வந்து, பிறகு அவள் வாரிசுகளுக்குப் போகும். பிள்ளைகள் இருந்தால் சரி. இல்லாவிட்டால் 15ஆம் பிரிவின்படி கணவன் வீட்டுக்கே திரும்பிவிடும், அவள் பணத்தையும் சேர்த்துக்கொண்டு.

என் மாணவிகளுக்கு ஆவணத் தமிழ் நடத்தும் பருவத்தில் கல்வெட்டு, செப்பேடு, ஓலைப் பத்திரம் எல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் உள்ள காப்பீட்டுப் பத்திரத்தின் நகலைப் பார்த்து வரச் சொல்வேன். த/பெ எங்கே க/பெ ஆகிறது, அம்மாவின் பெயர் எத்தனை எழுத்துப் பிழைகளோடு இருக்கிறது, நாமினி யார். ஒரு வகுப்பில் நான்கைந்து பேர் வீட்டில் நாமினி, இறந்துபோன அம்மாச்சி அல்லது அப்பத்தா. அம்மாவோ அப்பாவோ கல்யாணத்துக்கு முன் எடுத்த பத்திரம், அப்புறம் யாரும் தொடவில்லை. நாமினி முன்பே இறந்திருந்தால் பணம் வாரிசுகளுக்குப் போகும், கெட்டுப்போகாது; ஆனால் சான்றிதழுக்கு அலைய வேண்டும். இன்னொரு வீட்டில் பத்திரமே காலாவதியாகிக் கிடந்தது. 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் ஆலைகள் மூடிக் கிடந்தபோது விட்ட தவணை.

ஒரு மாணவியின் அம்மா நேரில் வந்தார். பேன்சி ரகம் செய்யும் ஆலையில் இருபது ஆண்டு வேலை. "டீச்சர், இது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாமக் கட்டுறது. அவரு கைல காசு நிக்காது. அதான் எங்கக்கா பேரப் போட்டிருக்கேன். அவ எம் பிள்ளைகளுக்குக் குடுத்துருவா." அக்காவை நம்பியது சரிதான். சட்டம்தான் அந்த நம்பிக்கையைக் காக்காது. 2015 திருத்தத்தின் பட்டியலில் உடன்பிறந்தாள் இல்லை. அக்கா வெறும் கை. அவர் வாங்கிய பணத்தில் கணவன் வந்து மூன்றில் ஒரு பங்கைக் கேட்டால், மீதி இரண்டு பங்குதான் இரண்டு மகள்களுக்கும். ஒளித்துக் கட்டிய பணம் யாரிடமிருந்து ஒளித்தாரோ அவரிடமே போகும்.

ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு, அவர் இரண்டு காரியம் செய்தார். மகள்கள் இருவரையும் பாதிப் பாதிப் பங்குக்கு நாமினியாக எழுதுவது. மூத்தவளுக்கு வயது வந்துவிட்டது, இளையவளுக்குப் பதினான்கு என்பதால், அவளுக்காகப் பணத்தைப் பெறும் நியமனப் பொறுப்பாளராக அக்காவைப் போடுவது. பொறுப்பாளர் என்று ஒருவரை எழுதாமல் விட்டால், சிறுமிக்கான பணத்தைக் கேட்டு இயற்கைப் பாதுகாவலர் என்ற முறையில் தகப்பன் வந்து நிற்பார். அந்தப் பாதுகாவலர் சட்டத்தில் தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்றுதான் இருந்தது. தாயின் கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்காததால் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்குப் போட்ட பிறகே, 1999இல், பிறகு என்பதற்குத் தகப்பன் இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. இரண்டாவது காரியம் உயில். வெள்ளைத் தாளில், இரண்டு சாட்சிகளோடு, இந்தப் பத்திரத்தின் பணம் என் இரு மகள்களுக்கு என்று. உயர் நீதிமன்றங்கள் 39ஆம் பிரிவுக்கு எந்தப் பொருள் சொன்னாலும் உயில் இருந்தால் 15ஆம் பிரிவு குறுக்கே வராது.

சாட்சிக் கையெழுத்துப் போட ஆலையில் அவரோடு ஒரே அறையில் சரம் பின்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். அக்கா சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். படிவத்தை மூத்த மகள் நிரப்பினாள். நியமனப் பொறுப்பாளருக்கு நேரே உறவுமுறை என்ற கட்டத்தில் அக்கா என்று எழுதினாள். அம்மாவுக்குத்தானே அக்கா, தங்கச்சிக்குப் பெரியம்மா அல்லவா என்று அடித்துவிட்டுப் பெரியம்மா என்று எழுதினாள். அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்கமாட்டார்கள் என்று இன்னொரு படிவம் வாங்கி முதலிலிருந்து நிரப்ப வேண்டியதாயிற்று.